ராமாத்தாளின் காளை எந்தக் கிளையில் நின்றது

போன வாரம், கணினி வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் காட்டினார். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை இயந்திரம் தானாகவே வகை பிரித்து, வகைக்குள் வகை, அதற்குள் இன்னொரு வகை என்று மரம் மாதிரி வரைந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. "நாங்க எதுவும் சொல்லித் தரலை மேடம், அதுவே கண்டுபிடிச்சது" என்றீர்கள். எந்தெந்தத் தகவலைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "இருந்ததெல்லாம் கொடுத்தோம்" என்று பதில் வந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற கோபம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டீர்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதே விஷயத்துக்காக என் மேலதிகாரியின் மேசை முன்னால் நின்று கத்தியிருக்கிறேன்.

உங்கள் கருவிகளின் பெயர்கள் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு காளையின் கதை. உட்கார்ந்து கேளுங்கள். தேநீர் ஆறினால் இன்னொன்று வாங்கித் தருகிறேன்.

எழுபதுகளின் நடுவில், கிழக்குப் பாலக்காட்டில் ஒரு கால்நடைத் திட்டத்தில் புள்ளிவிவர உதவியாளராக இருந்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம் எங்கள் ஊர். கடலையும் சோளமும் போடுகிற விவசாயக் குடும்பம். கணக்குப் பட்டம் வாங்கிய பெண்ணை வீட்டில் வைத்திருந்தால் ஊர் பேசும், வேலைக்கு அனுப்பினாலும் பேசும். எப்படியும் பேசத்தானே போகிறார்கள் என்று அப்பா அனுப்பிவைத்தார். நான் சேர்ந்த வருடமே அவர் காலமாகிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும் ஒரு பசுவும்தான்.

திட்டம் இதுதான். எங்கள் பகுதியில் உள்ள மாடுகளை அளந்து வகை பிரிக்க வேண்டும். நல்ல வகையைச் சேர்ந்த காளைகளைப் பொலிகாளைகளாக வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குக் காயடித்துவிட வேண்டும். ஆள் பார்த்துப் பிரித்தால் வேண்டியவன் காளை நல்ல காளை, வேண்டாதவன் காளை சொத்தைக் காளை ஆகிவிடும். அதனால் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இருந்த கணினியிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அந்த நாளில் அது புதுமை. மாட்டுக்கு ஓர் அட்டை, அதில் வரிசையாகத் துளைகள். எந்த இரண்டு மாடுகள் அதிகம் ஒத்திருக்கின்றனவோ அவற்றை இயந்திரம் முதலில் ஒன்றாகச் சேர்க்கும். அப்புறம் அந்த ஜோடியோடு ஒத்துப்போகிறதைச் சேர்க்கும். இப்படியே சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் ஒரு மரம் வரும். நீங்கள் காட்டினீர்களே, அதற்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மேலதிகாரி ஒரு கால்நடை டாக்டர். தேவிகுளத்துக்காரர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, தோட்டத்து ஃபாக்டரியில் வேலை செய்த அப்பாவின் சம்பளத்தில் படித்து மேலே வந்தவர். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அவர் இல்லை. ஆனால் நான் வேலை பார்த்த மனிதர்களில் நேர்மையானவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். சின்ன வயதில் லயத்தில் பாலே கிடைக்காது, வரக்காபிதான் என்று அவர் அடிக்கடி சொல்வார். மலையிலிருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு திட்டத்தைத் தேவிகுளம் பக்கம் நடத்தி, லயத்துப் பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கச் செய்திருந்தார். அந்த வெற்றியோடுதான் எங்கள் சமவெளிக்கு வந்தார். வரும்போது அங்கே பயன்படுத்திய கேள்வித்தாளையும் கையோடு கொண்டுவந்தார்.

வீடு வீடாகப் போய் அந்தக் கேள்வித்தாளை நிரப்புவது என் வேலை. அப்படித்தான் ராமாத்தாளைத் தெரியும். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். கணவர் கிணற்று வேலையில் வெடி தப்பிக் கால் போய்க் கட்டிலில் கிடந்தார். அந்த வீட்டை நிறுத்தி வைத்திருந்தது ஒரு மயிலைக் காளை. சுற்றுவட்டாரத்தில் உழவு மாட்டுக்குக் கன்று வேண்டுமென்றால் பசுவை அங்கேதான் ஓட்டி வருவார்கள். அவர்கள் கொடுப்பதுதான் அந்த வீட்டு அரிசி. எங்கள் கரிசல் மண்ணில், வெயிலில், மேடேறி இறங்கி ஏர் இழுக்கத் தாங்குவது அந்த வழிக் கன்றுகள்தான் என்று ஊரில் ஒரு பேச்சு.

அவளிடம் கேள்விகள் கேட்டேன். காளையின் தாய் எத்தனை பால் கறந்தது?

"என்னத்தக் கறந்துச்சுங்க. கன்னுக்கே பத்தாதுங்க அம்மிணி."

எத்தனை மாதம் கறந்தது?

"எங்கீங்க, ரண்டு மாசம் கறந்தாப் பெருசுங்க."

சொன்னதை எழுதிக்கொண்டேன். காளையின் உயரம், மார்புச் சுற்று, கால் எலும்பு, குளம்பு எல்லாம் அளந்தேன். அளந்து முடிக்கும்போது ராமாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதை என்ன பண்ணப் போறீங்க அம்மிணி? நெசமாச் சொல்லுங்க."

எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு உண்மையிலேயே தெரியாது.

துளையிட்ட அட்டைகளை அடுக்கிய பெட்டியோடு, கோயமுத்தூர் போகக் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். அரிசி கடத்தலைப் பிடிக்கிற காலம் அது. செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி, "பெட்டியில என்னம்மா?" என்று கேட்டார்கள். "மாடுங்க" என்றேன். சோதித்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டு விட்டுவிட்டார்.

மரம் வந்தது. நான்கு பெரிய கிளைகள். முதல் மூன்றில் நல்ல பால் வழிகள், தரவரிசையாக. நான்காவதில் மற்றதெல்லாம். டாக்டருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

"பாத்தியாம்மா? மலையில வந்த மாதிரியே வந்திருக்கு. எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்றார்.

இயந்திரம் கிளைகளுக்கு எண்தான் கொடுக்கும். பெயர் வைப்பது மனிதர்கள். நான்காவது கிளைக் காளைகளைக் காயடிப்பு முகாமுக்கு ஓட்டி வரச் சொல்லி டீக்கடைகளிலும் பால் சங்கத்திலும் அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்தது. நாலாம் கிளை என்று எழுதினால் யாருக்குப் புரியும்? டாக்டர் யோசிக்கவே இல்லை. தேயிலை ஃபாக்டரியில் இலையைத் தரம் பிரித்துக் கடைசியில் மிஞ்சுவதற்கு என்ன சொல்வார்களோ, அதையே எழுதச் சொன்னார். கழிவு. அவர் வளர்ந்த இடத்தில் அது ஒரு வேலைச் சொல், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அறிவிப்பு அப்படியே எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டது.

அந்த நான்காம் கிளையை நான் கீழிருந்து மேலாகப் படித்தேன். நோஞ்சான் மாடுகள், வயிறு ஒட்டியவை, நோய் கண்டவை. அவற்றுக்கு நடுவே ராமாத்தாளின் மயிலை. அதோடு ஊரே தேடிப் போகிற இன்னும் சில உழவுக் காளைகள். இது என்னடா கூத்து என்று இருந்தது. எலும்பும் தோலுமாக நிற்கிற மாடும், ஏர் பூட்டினால் நாள் முழுக்க இழுக்கிற மாடும் எப்படி ஒரே கிளையில் நிற்கும்?

உட்கார்ந்து கேள்வித்தாளைப் பார்த்தேன். பதில்களை அல்ல, கேள்விகளை. பால் எவ்வளவு, எத்தனை மாதம், மடி எப்படி, காம்பு எப்படி, பால் நரம்பு எப்படி, கன்றுக்கும் கன்றுக்கும் இடைவெளி எவ்வளவு. காளையாக இருந்தால் தாய்க்கு இதெல்லாம், தாயின் தாய்க்கும் தெரிந்தவரை இதெல்லாம். இயந்திரத்துக்கு ஒவ்வொரு கேள்வியும் ஓர் ஓட்டு. ஒரே ஆள் சட்டையை மாற்றி மாற்றி வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட மாதிரி, பால் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டிருந்தது. கால், குளம்பு, மார்பு எல்லாம் ஓரமாக நின்று ஆளுக்கு ஓர் ஓட்டுப் போட்டிருந்தன. பாலில்லாத மாடுகள் எல்லாம் இயந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். பால் இல்லை என்பதைத் தவிர அவற்றுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மலையில் இது தப்பாகத் தெரியவே இல்லை. தேயிலைச் சரிவில் யார் ஏர் பூட்டப் போகிறார்கள்? அங்கே மாடு என்றால் பால். அந்தக் கேள்வித்தாள் அந்த மலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை அப்படியே எங்கள் ஊருக்குப் போட்டுவிட்டிருந்தோம்.

இதைத்தான் டாக்டரிடம் போய்க் கத்தினேன். முகாமுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லுதது புரியுதும்மா. ஆனா ஒரு காளை உனக்குப் பிடிச்சிருக்குன்னு மரத்தை வெட்ட முடியுமா? அதுக்குத்தானே மெஷின்கிட்டக் கொடுத்தோம்?"

அந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேட்டதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது, எரிச்சலும் கூடியது. அட்டைகளை மறுபடி இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். "பாரு, ஆனா முகாம் முகாம்தான்" என்றார்.

மறுபடி கோயமுத்தூர். அங்கே இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் முறைத்தாலும் சோற்று நேரத்தில் இயந்திரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். அட்டைக் கட்டில் முதலில் ஓர் அட்டை உண்டு. எந்தெந்தக் கட்டங்களைப் படிக்க வேண்டும், எதைத் தாண்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது அது. அந்த ஒரே ஓர் அட்டையை மாற்றினேன். பால் கேள்விகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாண்டச் சொன்னேன். மாடுகளில் கை வைக்கவில்லை. அளவுகளில் கை வைக்கவில்லை. வந்த மரத்தைப் பழைய மரத்தின் சொந்தக்காரன் என்றுகூடச் சொல்ல முடியாது. நான்காம் கிளை உடைந்து போயிருந்தது. உழவுக் காளைகள் தனியாக ஒரு கிளையில் நெருக்கமாகக் கூடி நின்றன. மயிலை அதன் நடுவில் நின்றது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அதே மரத்தில் இன்னொன்றும் இருந்தது. பழைய மரத்தில் முதல் கிளையில் இருந்த ஓர் அருமையான பால் வழிக் காளை, இதில் நோஞ்சான்களோடு போய் நின்றது. அதன் சொந்தக்காரருக்கும் ஒரு வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு.

பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். புதிய மரத்தை மட்டும் காட்டினால் ராமாத்தாளின் காளை பிழைத்துவிடும். டாக்டர் என் கணக்கை நம்புவார், சரிபார்க்க மாட்டார். காட்டினால் என்ன? ஆனால் அப்படிச் செய்தால், எனக்குப் பிடித்த பதில் வரும்வரை அட்டையை மாற்றிக்கொண்டே இருப்பவளாகிவிடுவேன். நாளைக்கு வேறு ஒருவனுக்கு வேறு காளை பிடிக்கும். நீங்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். அப்போது யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு மரங்களையும் மேசையில் விரித்தேன். டாக்டர் ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். முகம் இருண்டது.

"ரெண்டுல எதும்மா சரி?"

"ரெண்டும் சரிதானுங்க சார். பாலுக்குன்னு கேட்டா இது. உழவுக்குன்னு கேட்டா அது. நாம எதுக்குக் கேக்கறோம்னு மெசினுக்குத் தெரியாதுங்க. அதை நாமதான் முதல்லயே முடிவு பண்ணியிருக்கோணும்."

"அப்போ முடிவே சொல்லாத மரத்தை வச்சு நான் என்னத்தச் செய்ய? மேல இருந்து கேக்காங்க. பால் வழின்னுதானே உத்தரவு?"

அவர் குரலில் கோபம் இல்லை, அயர்ச்சிதான். அவருக்குப் பால் என்பது எண்ணிக்கை இல்லை. லயத்தில் தம்பி தங்கைகள் பாலுக்கு அழுதது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்துக்கொண்டு அவரோடு எப்படி வாதாடுவது? அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. ராமாத்தாளின் பதிலை நான் எழுதிக்கொண்ட விதம். கன்னுக்கே பத்தாதுங்க. அதே வார்த்தையை என் அம்மா வாயால் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

"சார், நாளைக்கு எங்க ஊட்டுக்குச் சாப்பிட வரோணும்" என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். வந்தார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க டாக்டருங்க, உக்காருங்க" என்று பாயை விரித்தாள். டாக்டர் கேள்வித்தாளில் உள்ளபடியே, "உங்க பசு எவ்வளவும்மா கறக்கும்?" என்று கேட்டார்.

"என்னத்தக் கறக்குதுங்க. கன்னு குடிச்சது போக காப்பிக்கே காணறதில்லீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பித்தளை டம்ளர் நிறையக் காபி வந்தது, கட்டிப் பாலில். சோற்றுக்கு நெய் வந்தது. தயிர் ஒரு குண்டா நிறைய வந்தது. போதும் போதும் என்று டாக்டர் இலையை மறைக்க, விரலுக்கு இடையில் ஊற்றினாள். அவர் தயிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை கழுவும்போது விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, உங்க அம்மா ஏன் பொய் சொல்லுதாங்க?"

"பொய் இல்லீங்க சார். பால் அளவை வெளியாளுகிட்டச் சொன்னாக் கண்ணு பட்டுரும். மடி வத்திப்போகும். எங்க ஊர்ல எந்த ஊட்டுலயும் சொல்ல மாட்டாங்க. மாடு மேல எவ்வளவு ஆசையோ அவ்வளவு குறைச்சுச் சொல்லுவாங்க."

அவர் கொஞ்ச நேரம் கொட்டகையில் நின்று எங்கள் பசுவைத் தடவிக் கொடுத்தார்.

"எங்க லயத்துல பால் இல்லாட்டியும் இருக்குன்னு சொல்லுவோம். கௌரவத்துக்கு. இங்க இருந்தாலும் இல்லேங்காங்க." அப்புறம் அவரே சொன்னார். "பாத்து அளக்கக்கூடியதை ஓரமா வச்சுட்டு, கேட்டு எழுதினதுக்குத்தான் இவ்வளவு ஓட்டுக் கொடுத்திருக்கோம் இல்லையா?"

 

முகாம் நாள் காலையில் கோபாலபுரம் பக்கத்தில் காளைகள் கட்டியிருந்தன. காயடிக்கும் கிட்டியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். ராமாத்தாள் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். டாக்டர் வந்தார். நோய் கண்ட காளைகளை மருந்துக்கு நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் ஓட்டிப் போகச் சொன்னார். கேள்வித்தாளை இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி மறுபடி எழுதப் போவதாகவும், அதுவரை எந்தக் காளையையும் தொடப் போவதில்லை என்றும் சொன்னார். கூட வந்த அலுவலர் மெதுவாக, மேலே என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

"விளக்கத்தை நான் எழுதிக்கிடுதேன். நீங்க கிட்டியை எடுத்து வைங்க."

அவருக்கு அதன் பிறகு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சந்தோஷமாக இருந்தேன். அடுத்த மாதம் ராமாத்தாள் வீட்டு வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். காளை தின்றுகொண்டு நின்றது. பளபளவென்று இருந்தது. பசுக்களைக் கட்டுகிற இடத்தில் புல் முளைத்திருந்தது.

"யாருமே வர்றதில்லீங்க அம்மிணி" என்றாள். "மெசினே கழிவுன்னு சொல்லிப்போட்டுதாமுங்க. அப்பறம் ஆரு ஓட்டீட்டு வருவாங்க?"

எங்கள் ஊரில் மாடு வாங்குகிறவன் முதலில் சுழி பார்ப்பான். முதுகில் ஒரு சுழி தப்பான இடத்தில் இருந்தால், மாடு யானை மாதிரி இருந்தாலும் தொட மாட்டான். இப்போது புதிதாக ஒரு சுழி வந்திருந்தது. "அதுக்கு மெசின் சுழி சரியில்லீங்க" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். டாக்டரிடம் சொன்னேன். துடித்துப்போய், தானே கைப்பட இன்னொரு அறிவிப்பு எழுதி ஒட்டச் சொன்னார்: முன்பு சொன்ன வகைப்பாடு தவறு, அந்தக் காளைகள் நல்லவையே. ஊர் அதைப் படித்தது. மறுத்து எழுதுகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டது. முதல் காகிதத்தை நம்பியவர்கள் ஒருவர்கூட இரண்டாவதை நம்பவில்லை. ராமாத்தாள் வீட்டில் ஒருவேளைச் சோறாகிவிட்டது என்று அம்மா சொன்னாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் எங்கள் பசு கத்த ஆரம்பித்தது. பருவத்துக்கு வந்துவிட்டது. அப்பா இருந்தவரை அவர் ஓட்டிப் போவார். அப்புறம் கூலிக்கு ஆள் வைப்போம். அன்றைக்கு நான் கயிற்றை அவிழ்த்தேன்.

"எங்க போறே?"

"ராமாத்தாளக்கா காளைக்கு."

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "கல்யாணமாகாத புள்ளை, மாட்டைப் புடிச்சுட்டு காளைக்குப் போறதா? ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசித்தானம்மா அந்தக் காளை சும்மா நிக்குது. இப்ப என்னையும் பேசட்டும்."

அம்மா வைதாள். வைதுகொண்டே வழி விட்டாள். வேறு வழியில் போகலாம், ஆள் நடமாட்டம் இருக்காது. நான் கடைவீதி வழியாகத்தான் போனேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது, கடைகள் எல்லாம் திறந்திருந்தன. பசு நாலடிக்கு ஒரு தடவை கத்தியது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தலையைக் குனியக் கூடாது என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன். டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றது. கடைக்காரர்தான் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, எங்கீங்க?"

"காளைக்குங்க. ராமாத்தாளக்கா காளைக்கு."

"அதைத்தான் உங்க மெசினே கழிவுன்னு சொல்லிப்போட்டுதே?"

"மெசினுக்கு அட்டை போட்டது நானுங்க. அதுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

நான் நடந்தேன். பெஞ்சிலிருந்து யாரோ எழுந்து பார்த்துக்கொண்டே நிற்பது முதுகில் தெரிந்தது.

ராமாத்தாள் வாசலில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். என்னையும் பசுவையும் பார்த்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். புல் முளைத்த இடத்தில் பசுவைக் கட்டினாள். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"கணக்குப் படிச்ச புள்ளை, இதுக்கு வெக்கப்பட்டா எப்பிடீங்க?" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. சிரித்துக்கொண்டு சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று தெரியவில்லை. நான் திரும்பவில்லை.

எல்லாம் முடிந்து, பசுவை நிழலில் கட்டிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்காரர் வந்து நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காளையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"காளை சும்மா இருக்குதுங்களா? நம்ம மாடும் நேத்திருந்து கத்துது."

"இப்பத்தானுங்க ஒரு மாட்டுக்கு உட்டிருக்குது. கொஞ்சம் ஆறட்டும். சாயங்காலமா ஓட்டீட்டு வாங்க" என்றாள் ராமாத்தாள், ஏதோ தினமும் சொல்கிற மாதிரி. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, அவள் வேகமாக உள்ளே போனாள். கட்டிலில் கிடந்தவரிடம் பேசுவது வெளியே எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, சாயங்காலம் இன்னொரு மாடு வருதுங்க."

அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"ஆமாங்க. நம்ம காளைக்குத்தானுங்க."